ஜெனோபா பக்கம் திரும்பிய குழாய்கள்

கொடிமரத்துறையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி வலைக்கிட்டங்கித் தெருவைப் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றேகால் மணிக்கு, மத்தி மீன் ஏலம் முடிந்து பெண்கள் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில். சந்தியாகப்பர் கோயில் கோபுரத்தில் திசைக்கு ஒன்றாக நான்கு குழாய்கள், நான்கும் திரும்பின. பள்ளிவாசல் மினாராவில் மூன்று, மூன்றும் திரும்பின. அம்மன் கோயில் கொடைவிழா முடிந்து வேப்பமரத்தில் கழற்றாமல் விட்டது, கட்சி ஆபீஸ் மாடியில் போன தேர்தலிலிருந்து வெயில் காய்வது, ரேஷன் கடைக்கு எதிர்க் கம்பத்தில் தொங்குவது, கரண்ட் உள்ளது, இல்லாதது, வயர் அறுந்தது, துருப்பிடித்து வாய் கிழிந்தது எல்லாமே ஒரு பாட்டின் இரண்டாவது வரியில் கிளம்பி நான்காவது வரியில் நின்றன. யாரும் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கவில்லை. டீக்கடைப் பூரணத்தம்மா மட்டும், இத்தனை வருஷம் தன் காதைக் கிழித்த குழாய் இப்போது முதுகைக் காட்டுவதைக் கண்டு, பெஞ்சை இழுத்து அதன் முதுகுப் பக்கம் போட்டாள். "இனி வாரவன் டீயா காப்பியான்னு சொல்லுததாவது காதுல விழும்" என்றாள்.

அந்தக் குழாய்கள் அத்தனையும் வேதக்கண்ணுடையவை. பதினேழு வயதில் ஒரு சட்டையோடு ஊருக்குள் வந்து, பனைமரம் தென்னைமரம் மின்கம்பம் என்று எது நின்றாலும் ஏறிக் குழாய் கட்டி, நொடித்துப்போன மைக் செட்காரர் ஒவ்வொருவரிடமும் பேசிப் பேசி, பேசிக்கொண்டே அவர்கள் குழாய்களை வலைக்கிட்டங்கித் தெருவில், பழைய வலைக் குடோனாயிருந்த தன் கிட்டங்கிக்குக் கொண்டுவந்து, கடைசியில் ஊரில் ஒரு கல்யாணமோ சாவோ கூட்டமோ கொடையோ அவன் குழாய் வாய் திறக்காமல் யார் காதிலும் விழாது என்ற நிலைக்கு வந்தவன். கோபக்காரன். பேரம் படியாவிட்டால் கையிலிருக்கிற ஸ்பேனரை வீசுவான், படிந்துவிட்டால் வீசிய ஸ்பேனரைத் தானே போய் எடுத்துவருவான். ஆனால் அந்தக் குழாய்களில் பதினேழு வருஷமாக வந்ததெல்லாம் அடுத்தவன் பாட்டு, அடுத்தவன் பேச்சு, அடுத்தவன் சாமி. அவனுக்கென்று வந்தது "ஹலோ, மைக் டெஸ்டிங்" மட்டும்தான். அதையே சில நாள் ராகம் போட்டுச் சொல்லிப் பார்ப்பான், ஊர் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அவன் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்து, ஒன்பது பாட்டாக வெளியே வந்தது.

பாட்டுகளுக்கு ஒரு குழு வேண்டியிருந்தது. கல்யாண பேண்டு செட்டில் டிரம் அடித்துக்கொண்டிருந்த பீர்முகம்மதைப் பிடித்தான். பீர் தாளம் தவறினாலும் மனது தவறாதவன். ஐஸ் பாக்டரியில் பாளம் உடைக்கிற ஜெனோபா பேஸ் கிட்டார் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு அவளையும் பிடித்தான். இருபத்தாறு வயது. குளிரில் நின்று நின்று, தொண்டையில் கடல்மணல் ஒரு கை கிடப்பதுபோல் குரல். குழுவுக்குத் 'துரு' என்று பேர் வைத்தான். உப்புக்காற்றில் எதைக் கட்டினாலும் முதலில் வந்து உட்காருவது அதுதான். கிட்டாரும் குரலும் வேதக்கண். அது ஆரம்பத்திலேயே பேசி முடித்த பேச்சு.

ரெக்கார்டிங் அவன் கிட்டங்கியில்தான் நடந்தது. எதிரொலி வராமலிருக்கப் பழைய மீன்வலைகளைப் பொதியாகக் கட்டிச் சுவரெல்லாம் அடுக்கியிருந்தான். பாடுகிறவனுக்கு இருமல் வரும், பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. மிக்சர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றி இறக்க இன்னொரு ஆள் இல்லாததால், முதலில் பீரின் டிரம்மை எடுத்துவிடுவது, பிறகு சாவகாசமாகத் தன் குரலை அதன்மேல் ஏற்றுவது என்று திட்டம். பாட்டு இல்லாமல் வெறுமனே டிரம் அடித்தால் பீருக்கு எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரியாது, கல்யாண ஊர்வலம் போய்விடுவான். அதனால் ஜெனோபாவை டிரம்முக்கு எதிரே நிறுத்தி, "நீ சும்மா ட்ராக் பாடு பிள்ள. பீருக்கு வழி தெரியணும், அம்புட்டுதான். பெறவு அழிச்சிருவோம்" என்றான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பகலில் அவள் கழுத்து வேர்வையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு பாடினாள். இரண்டாவது வரியில் கிட்டங்கிக்குள் அடுக்கி வைத்திருந்த குழாய்கள் சிமெண்டுத் தரையில் சர்ரென்று உராய்ந்து திரும்பி அவள் முகத்தைப் பார்த்தன. ஸ்பீக்கர் வாய் மைக்கைப் பார்த்தால் ஊளையிடும் என்பது மைக் செட்டில் கால் வைத்தவன் படிக்கிற முதல் பாடம், அதன்படியே அவை ஊளையிட்டன. வேதக்கண் எழுந்து சுவிட்சை அணைத்தான். அவனும் ஆச்சரியப்படவில்லை. "என் குழாய்" என்று மட்டும் நினைத்தான். அந்த நினைப்பு நெஞ்சில் எலும்பு மாதிரி சிக்கியது. ஊளையிடாமலிருக்கக் குழாய்களின் வயரைப் பிடுங்கிவிட்டு ஒன்பது பாட்டுக்கும் அவளை வைத்தே ட்ராக் எடுத்து முடித்தான், முடிக்கிறவரை அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் அவனை இன்னும் எரித்தது. இரண்டு நாளில் விஷயம் பிடிபட்டுவிட்டது. ஜெனோபா பாடினால் திரும்பும், பாடி நிறுத்தினால் நிறுத்திய இடத்திலேயே நிற்கும், பேசினாலும் திட்டினாலும் அசையாது, பாட்டு மட்டும்தான். முதலில் வந்தவர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் கனி. மினாராக் குழாய் மூன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன, பாங்கு சொன்னால் மீனுக்குத்தான் கேட்கிறது, தாயி கொஞ்சம் மேலத்தெரு முக்கில் வந்து நின்று ஒரு வரி பாடிவிட்டுப் போனால் ஜனங்களைப் பார்த்துத் திரும்பிவிடும் என்றார். அவள் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி பாடிவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்காகச் சந்தியாகப்பர் கோயில் ஃபாதர் மெல்கியோர் சொல்லி அனுப்பினார், கோபுரக் குழாய்கள் மேலத்தெருவைப் பார்த்து நின்றால் கீழத்தெருச் சனம் பிரசங்கம் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்கிறது என்று. கட்சிக் கூட்டத்துக்கு மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். கட்சிக்குள் ஆறு மாதமாகப் பேசாமலிருந்த இரண்டு கோஷ்டியும், ஒரே நேரத்தில் ஊர் முழுவதற்கும் அவள் ஒருத்திதான் என்பதால், யார் கூட்டம் என்றைக்கு என்று உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டன. புளியந்தோப்பில் சாவு விழுந்தால் புளியந்தோப்பில் பாடினாள், கடற்கரையில் சடங்கு என்றால் கடற்கரையில் பாடினாள். தச்சனுக்கும் எலக்ட்ரீசியனுக்கும் ஆள் அனுப்புவதுபோல் அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். வீட்டுக்குப் புதிதாக வருகிற விருந்தாளிக்கு வழி சொல்வதென்றால், "ஸ்டாண்டுல எறங்கினதும் குழாய் பாக்குத பக்கமே வாங்க, ஜெனோபா இன்னைக்கு எங்க தெருவுலதான் பாடுச்சி" என்று சொல்லப் பழகினார்கள். அவளுக்கு ஒரு பாறை மீனோ, நாலு முட்டையோ, ஒரு கட்டு முருங்கைக்கீரையோ கொடுத்தார்கள். அவள் பெருமையும் படவில்லை, அலுத்துக்கொள்ளவும் இல்லை. கீரையை ஹாண்டில்பாரில் தொங்கவிட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

வேதக்கண் குழாய்களைக் கம்பி போட்டுக் கட்டினான். கம்பி முறுக்கிக்கொண்டு அவை திரும்பின. போல்ட் போட்டு முடுக்கினான். போல்ட் தானாகக் கழன்று, கழன்றதைக் கீழே போடாமல் குழாயின் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பின. ரேஷன் கடைக் கம்பத்தில் ஒன்றை வெல்டிங் வைத்தே பிடித்தான், கம்பம் திரும்பிற்று, அதன் தெருவிளக்கு ஒரு வாரம் பூரணத்தம்மாவின் கொல்லையில் எரிந்தது. பிறகு ஒருநாள் மத்தியானம் கிட்டங்கிக் கதவைச் சாத்தி, இருப்பதிலேயே லேசான, கழுத்து லொடலொடத்த ஒரு குழாயைத் தரையில் வைத்து, அதைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, அதன் முதுகுப் பக்கமாக நின்று பாடினான். மெதுவாகப் பாடினான், கத்திப் பாடினான், அவள் மாதிரியே மூச்சை இழுத்துப் பாடினான், கெஞ்சிப் பாடினான், ஸ்பேனரை எடுத்துக் காட்டிப் பாடினான். குழாய் அசையவில்லை. வெளியிலிருந்து எட்டிப் பார்த்த பீர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் அசைஞ்சிச்சு அண்ணாச்சி" என்றான்.

"எங்க அசைஞ்சிச்சு? கோட்டப் பாரு."

"காத்துல மறுபடியும் பழைய எடத்துக்கு வந்துட்டு."

"போலே வெளிய."

பீர் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, மழுப்பி மழுப்பி, கடைசியில் சொல்லிவிட்டான். "அவளையே பாட விட்டா என்ன அண்ணாச்சி? பாட்டு ஒங்களுது. குரல் யாருதா இருந்தா என்ன?"

வேதக்கண் சாக்கட்டி வட்டத்தைக் காலால் தேய்த்து அழித்தான். குரல் யாருடையதாக இருந்தால் என்ன என்று பதினேழு வருஷம் மரத்தில் ஏறியவனிடம் கேட்கிறான். அடுத்தவன் குரலைத் தூக்கிச் சுமந்து சுமந்து தோள் காய்த்தவனிடம் கேட்கிறான். பாட்டு கொடுத்தேன், பேர் கொடுத்தேன், கிட்டங்கி கொடுத்தேன், அவள் என்ன கொடுத்தாள், வாயைத் திறந்தாள். திறந்ததும் என் சொத்து முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு அவளிடம் போய்விட்டது. அதையும் அவள் பெரிதாக நினைக்கவில்லை. பெரிதாக நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பான்.

மறுநாள் ஜெனோபாவே வந்தாள். பேஸ் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, நின்றபடியே கேட்டாள்.

"அண்ணாச்சி, நாலாவது பாட்டு நான் பாடட்டுமா?"

நாலாவது பாட்டு செருப்புப் பாட்டு. என் செருப்பை அலை கொண்டுபோச்சு, செருப்பைத் தேடிக் கால் போச்சு, காலைத் தேடி நான் போறேன், வீட்ல விளக்கை அணைச்சிரு என்று போகும். ஒன்பதில் அதுதான் மெதுவானது, டிரம்மில் பீர் விரலால் மட்டும் தட்டுவான். எழுதிய அன்றைக்கு வேதக்கண் தனக்குள்ளேயே அழுத பாட்டு.

"ஒனக்குப் பாடணும்னு ஆசையே கெடையாதுன்னுல்லா நெனச்சேன்."

"மத்த எட்டுமேல ஆசையில்ல. அது ஒண்ணு மனசுல கெடந்து அனத்துது."

அவன் கணக்காகப் பேசினான். நாலாவது பாட்டு அவளுக்கு. அதற்குப் பதிலாக ஆல்பம் வெளிவருகிற ஞாயிற்றுக்கிழமைவரை அவள் எங்கேயும் பாடக் கூடாது. கோயிலுக்கும் பாடக் கூடாது, பள்ளிவாசலுக்கும் பாடக் கூடாது, குளிக்கும்போதுகூட முணுமுணுக்கக் கூடாது. அவள் கொஞ்சம் யோசித்துச் "சரி" என்றாள். அன்றைக்கே மைக்கின் முன் நிறுத்தி அந்தப் பாட்டைத் தனியாக எடுத்தான். அவள் கண்ணை மூடிப் பாடினாள். பாடி முடித்ததும், "ஊள விழுந்துட்டு பிள்ள, நான் சரி பண்ணிக்கிடுதேன்" என்றான். ஊளை விழவில்லை. குழாய் ஒன்றில்கூட அன்றைக்கு வயர் மாட்டியிருக்கவில்லை. அவள் ஷிப்டுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் அவள் பேர் போட்டிருந்த ட்ராக் ஒன்பதையும், அப்போது எடுத்த பத்தாவதையும் அழித்தான். அழித்த இடத்தில் தன் குரலை ஏற்றினான்.

ஜெனோபா சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், ஊர்தான் திண்டாடியது. குழாய்கள் கடைசியாகத் திரும்பிய பக்கம், அதாவது கிட்டங்கியைப் பார்த்து, அப்படியே நின்றன. ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வாசலில் வந்து நின்று சொன்னார். மோதினார் கைகளைக் குவித்து மூன்று தெருவுக்கும் நடந்தே பாங்கு சொன்னார், நடந்ததில் சர்க்கரை குறைந்ததாகவும் சொன்னார். வழி கேட்டு வந்த விருந்தாளிகள் எல்லாரும் கிட்டங்கி வாசலில் வந்து நின்றார்கள். வேதக்கண்ணோ வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக, ஒவ்வொரு மரமாக ஏறி, ஒவ்வொரு குழாயின் முகத்தையும் தன் கையால் பிடித்து ஊரைப் பார்த்துத் திருப்பினான். திருப்பியபடி நின்றன. தட்டிக்கொடுத்தான். கோபுரத்தில் நாலு குழாயையும் பழையபடி நாலு திசைக்கு நிறுத்திவிட்டு, அங்கிருந்து ஊரைப் பார்த்து, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை என் தொண்டை என்று நினைத்துக்கொண்டான்.

பீர் ஒருநாள் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன் நெற்றியைச் சுருக்கினான். "அண்ணாச்சி, என் டிரம் மைக்குக்குள்ள யாரோ நிக்காவ."

"யாரு நிக்கா?"

"தெரியல. மூச்சு விடுதாவ."

"ஒன் மூச்சாத்தான் இருக்கும்" என்று வேதக்கண் டிரம்மின் வெண்கலத் தட்டுச் சத்தத்தை இரண்டு பங்கு ஏற்றி வைத்தான். எது நிற்கிறது என்று அவனுக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தான். டிரம்முக்கு எதிரே நிறுத்திப் பாடவைத்த குரல் டிரம்முக்கு வைத்த மைக்குகளிலும் போய் விழுந்திருந்தது. குரல் ட்ராக்கை அழிக்கலாம். டிரம்மை அழித்தால் ஆல்பமே இல்லை. மறுபடி அடிக்கச் சொல்லலாம் என்றால் பீருக்கு வழி காட்டப் பாட வேண்டியவள் வாயை அவனே பூட்டி வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊரிலிருந்த குழாய் அத்தனையையும் ஒரே வயரில் கோர்த்து, பெட்டியைச் சந்தியாகப்பர் கோயில் முன்னால் மேஜைமேல் வைத்துத் துருவின் முதல் ஆல்பத்தைப் போட்டான். ஊர் கூடியிருந்தது. ஐஸ் பாக்டரி உடுப்போடு, ஷிப்டுக்குப் போகிற வழியில் நின்றவளாக ஜெனோபாவும் பீரின் பக்கத்தில் நின்றாள். முதல் பாட்டு வந்தது. அவன் குரல் நாலு திசையிலிருந்தும் வந்து நடுவில் நின்ற அவன்மேலேயே விழுந்தது. மேல்தோல் சிலிர்த்தது. பூரணத்தம்மா, "சத்தம் நல்லாத்தான் இருக்கு, பாட்டு எப்ப வரும்?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் இதுதான் பாட்டு என்றார்கள். அவள் ஒத்துக்கொண்டு தலையாட்டினாள். இரண்டாவது பாட்டில் கோபுரக் குழாய் ஒன்று தொண்டையைக் கனைத்ததுபோல் ஒரு அசை அசைந்தது. மூன்றாவதில் மினாராக் குழாய்கள் இப்படியும் அப்படியும் பார்த்தன, கூட்டத்தில் தாயைத் தவறவிட்ட பிள்ளைகள் போல. நாலாவது பாட்டு ஆரம்பித்து, தட்டின் சத்தம் அடங்கி, பீரின் விரல் மட்டும் தட்டுகிற இடம் வந்தபோது, அவை கண்டுபிடித்துவிட்டன. அவள் குரல் தங்கள் வாய்க்குள்ளிருந்தே வருகிறது என்று கண்டன. தன் வாயைத் தானே பார்க்க முடியாத குழாய்கள், எதிரே இருந்த குழாயின் வாயைப் பார்த்துத் திரும்பின. கோபுரத்தில் இரண்டும் இரண்டும் வாயோடு வாய் ஒட்டிக்கொண்டன. வேப்பமரத்தது வளைந்து கட்சி ஆபீஸ் மாடியைத் தேடிப் போயிற்று. ஊர் முழுக்க ஜோடி ஜோடியாக வாய் பொத்தி நின்ற குழாய்களிலிருந்து, மூடிய பானைக்குள் வண்டு சுற்றுவதுபோல் ஒரு முணுமுணுப்பைத் தவிர ஒன்றும் வெளியே வரவில்லை.

ஊர் பொறுமையாக நின்றது. குழாய்கள் கேட்டுவிட்டு நமக்குச் சொல்லும் என்று நினைத்ததோ என்னவோ.

ஜெனோபா கேட்டாள், "இது நாலாவது பாட்டுதானே அண்ணாச்சி? என் குரல் வருதா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று அவன் ஏணியை எடுத்தான்.

கோபுரத்தில் ஏறி, ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு குழாய்களைக் கையால் விரலளவு விலக்கி, அந்த இடைவெளியில் தலையை நுழைத்தான். உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள். தூரத்தில், தாளத்துக்குப் பின்னால், அடுத்த அறையில் யாரோ துணி மடித்துக்கொண்டே பாடுவதுபோல். அதற்கு முன்னால் அவன் குரல் பெரிதாக நின்றது. ஆனால் அவன் பிறந்ததிலிருந்து ஸ்பீக்கர் கேட்டவன், ஒரு வரியில் புரிந்துவிட்டது. அவன் குரல் அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டது. அவள் இழுத்த இடத்தில் இழுத்தது. 'காலைத் தேடி' என்ற இடத்தில் அவள் ஐஸ்கட்டியில் கால் வழுக்கினதுபோல் ஒரு சறுக்கு சறுக்குவாள், அவன் குரல் கொஞ்சம் பின்னால் வந்து அதே சறுக்கைச் சறுக்கியது. அந்தப் பாட்டை எழுதிய நாளில் அது அப்படி இல்லை. இருபது நாள் அவள் ட்ராக்கைக் கேட்டுக் கேட்டு, அழிப்பதற்கு முன்னாலேயே அவன் அதைப் பார்த்துத் திரும்பியிருந்தான்.

கீழேயிருந்து பீர் கூப்பிட்டான். "என்ன அண்ணாச்சி, கேக்குதா?"

அவன் தலையை இன்னும் உள்ளே தள்ளினான். முதலில் அவனுக்கு வெட்கம் வந்தது, வெட்கத்தின்மேல் கோபம் வந்தது, கோபம் தணிந்ததும் அதுவரை அவனுக்குத் தெரியாத இன்னொன்று வந்தது. இவ்வளவு மெல்லிய, இவ்வளவு கிட்டத்தில் வந்து படுத்துக்கொள்கிற ஒரு குரல், ஒரு தலைக்கு மட்டும் இடம் உள்ள இந்தச் சந்தில் இருக்கிறது, இது தெரிந்தால் ஃபாதர் ஏறுவார், மோதினார் ஏறுவார், கட்சிக்காரன் கூட்டத்தோடு ஏறுவான், வரிசை போட்டு ஆளுக்கு ஒரு வரி கேட்பார்கள். அவன் குனிந்து ஏணியின் மேல்கட்டையைப் பிடித்து, கைக்குமேல் கை வைத்து, கோபுரத்துக்கு இழுத்துக்கொண்டான்.

"ஒண்ணும் கேக்கல" என்றான் மேலிருந்து. "யாரும் வரவேண்டாம்."

ஜெனோபா ஏணி போன வழியைப் பார்த்தாள், பிறகு பீரைப் பார்த்தாள். பீர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான். அவன் பொய் சொல்லத் தெரிந்தவன்தான், ஆனால் அன்றைக்கு வரவில்லை. கம்ப்யூட்டரில் அவள் பேர் போட்ட ட்ராக் ஒன்றும் இல்லாததை ஹெட்போன் மாட்டிய அன்றே பார்த்திருந்தான். "அண்ணாச்சி ஒன் குரல அழிச்சிட்டாவ ஜெனோபா" என்றான். "என் மைக்குல இருக்கது மட்டும் மிச்சம்."

அவள் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டாள், ஒரு காலை ஊன்றினாள், ஆல்பம் வெளிவந்தாயிற்று, சொன்ன சொல் முடிந்தது, பாடினாள். மைக் இல்லாமல், நாலாவது பாட்டை, பெட்டி எந்த வரியில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்த வரியிலிருந்து. ஊர்க் குழாய்கள் ஒன்றையொன்று விட்டு ஒரே திருப்பாகத் திரும்பின. வாய் விலகியதும் உள்ளே அடைந்திருந்ததெல்லாம் தெருவில் கொட்டியது. அவன் பெரிய குரல், அதன் பின்னால் அவளுடைய சின்னக் குரல், தரையில் நின்று பாடுகிற அவள் குரல், மூன்றும் ஒரே இடத்தில் மூச்சு விட்டன. யார் யாரைப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள் என்பது பூரணத்தம்மாவுக்குக்கூட விளங்கியது. "இப்ப வந்துட்டு பாட்டு" என்றாள்.

கோபுரத்தில் வேதக்கண் நாலு குழாய்களின் முதுகுக்குப் பின்னால் நின்றான். குழாயின் பின்னால் நிற்கிறவனுக்கு எதுவும் தெளிவாகக் கேட்காது, பதினேழு வருஷம் மரத்திலிருந்து அவனுக்குத் தெரிந்ததுதான். "மொதல்லேருந்து பாடு பிள்ள" என்று கத்தினான். "இங்க எனக்குச் சரியாக் கேக்கல." அவள் பாடிக்கொண்டே சைக்கிளை மிதித்துப் போய்விட்டாள். ஏணியை இழுக்க ஒரு நொடி ஆகியிருந்தது. இறக்குவதற்கு எட்டாவது பாட்டுவரை ஆயிற்று.

இறங்கியவன், அவள் எந்தப் பக்கம் போனாள் என்று யாரையும் கேட்கவில்லை. குழாய்கள் பார்த்த பக்கமே நடந்தான். ஐஸ் பாக்டரியில் அவள் ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு, பாளத்தை இடுக்கியால் இழுத்து மேடையில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. அவன் கதவோரம் நின்று கொஞ்சநேரம் குளிரை மூச்சாக விட்டான். மன்னிப்பு அவன் கேட்டுப் பழகாத சாமான், அதனால் தெரிந்ததை எடுத்தான்.

"நாலாவது பாட்டு ஒனக்கு. திரும்ப எடுத்துருவோம்."

"ஒம்பதும்" என்றாள்.

"ஒம்பதுமா. யாரு எழுதினது?"

"எழுதினது நீருதான். கவர்ல ஒம்ம பேர பெருசாப் போட்டுக்கிடும்." 'அண்ணாச்சி' போய் 'நீர்' வந்துவிட்டது.

"ரெண்டு."

அவள் பாளத்தை உடைத்தாள்.

"நாலு. பாதிக்குப் பாதி. பீர்ட்டக் கேளு, எந்த ஊர்ல இப்படிக் குடுப்பான்."

"பாதியில அரை கொறையுது."

"ஒம்பத எப்படிப் பிள்ள பாதியாக்க? சரி, அஞ்சு. செருப்புப் பாட்டோட அஞ்சு."

"எட்டு" என்றாள். "ஒண்ணு ஒமக்கு. நீரு பாடுதப்ப நான் பின்னால பாடமாட்டேன். நான் பாடுதப்ப நீரு பின்னால பாடணும். இப்பப் பாடினீரே, அதே மாதிரி."

அவன் முகம் சிவந்தது. பேரத்தில் அவனுக்கு ஒரு வித்தை உண்டு, அதில் தோற்றதில்லை. சட்டென்று முறித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடப்பான், மூன்றாவது அடியில் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வாசல் நிலையில் கை வைக்கும்போது கூப்பிடுவார்கள். கூப்பிட்டபின் விலை அவன் கையில். "ஆவாது" என்று சொல்லிவிட்டு நடந்தான். மூன்றாவது அடியில் யாரும் கூப்பிடவில்லை. நிலையில் கை வைத்தான். பின்னால் ஐஸ் உடைகிற சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, நடுவில் அவள் லேசாக எதையோ முணுமுணுத்தாள், எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை. வெளியே பாக்டரிச் சங்குக்குப் பக்கத்தில் அவன் போன வருஷம் கட்டிய குழாய் ஒன்று அவனைத் தாண்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கையை எடுத்தான். கூப்பிடுவாள் என்று இன்னும் கொஞ்சநேரம் நின்றான். பிறகு, யாரும் கூப்பிடாமலே அவள் பக்கம் திரும்பினான்.